சத்திரமும் லாட்ஜும்

தர்மத்துக்குப் படுக்க இடம் கொடுப்பவன் நல்லவன், காசு வாங்கிக்கொண்டு இடம் கொடுப்பவன் வியாபாரி என்றுதான் நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள். விருந்தோம்பல் தமிழனின் தனிக்குணம் என்று மேடையில் பேசாதவன் கிடையாது. அந்த விருந்து யாருக்கு என்று சேரியிலிருந்து ஒருத்தன் எழுந்து கேட்டால் மேடையில் இருப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். எங்களுக்கு, அதாவது பள்ளிப்பட்டுப் பக்கத்துக் காலனி ஆட்களுக்கு, நடந்தது தலைகீழ். தர்மம் செய்தவன் கதவைச் சாத்தினான். காசுக்கு விற்றவன் திறந்தான். இதை ஒரு ஒழுக்கப் பிரச்சினையாக நாம் யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இரண்டு மலைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று திருத்தணி, இன்னொன்று ஊட்டி. ஒன்றில் சாமி இருக்கிறது, இன்னொன்றில் குளிர் இருக்கிறது. இரண்டிலும் வெளியூர் ஆள் ராத்திரி தங்கியாக வேண்டும்.

திருத்தணி எங்களுக்குப் பொதட்டூர்பேட்டை வழியாக பஸ்ஸில் போகிற தூரம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. அன்றைக்கு எல்லையை மாற்றிச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தார்கள். ஆபீஸ் பாஷை மாறிச்சு, திண்ணை மாறலடா என்று எங்க நைனா சொல்லும். ஆடிக் கிருத்திகைக்கு வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் ஜனங்கள் வந்து சேர்வார்கள். சாதிக்கு ஒரு சத்திரம், சாதிக்கு ஒரு மடம். வாசலில் கணக்கப்பிள்ளை மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். "இன்னா ஊரு?" என்பார். சொன்னதும், "ஊருல எந்தத் தெரு?" என்பார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிற தேவையே வராது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்துவிடுவார். நாங்கள் சரவணப் பொய்கைப் படிக்கட்டில் துண்டை விரித்துப் படுப்போம். ஆயாவுக்கு மட்டும் ஒரு கோணிப்பை. மற்றவன் காவடிக்கு மோளம் அடித்த கை வீங்கிப்போய், நைனா அந்தக் கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ராத்திரி மழை வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக எழுந்து ஓடவேண்டியதுதான்.

கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்துவிட்டது. 365 படி ஏறி சாமியைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு இறங்கி வந்தால் எங்கே படுப்பது என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது (1976இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள்). அதில் ஓட்டல் என்பதற்கே லாட்ஜு, காபிக்கடை வரைக்கும் விளக்கம் உண்டு. தர்மசாலை, சராய், முசாபர்கானா எல்லாவற்றையும் பேர் சொல்லிப் போட்டிருக்கிறது. சட்டத்தில் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாரும் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சத்திரத்து வாசலில் நின்றதில்லை. மறுநாள் ஊருக்குத் திரும்பி அதே ஆண்டைகளிடம் கூலிக்குப் போக வேண்டியவன் எப்படி நிற்பான்?

சத்திரம் என்பதே இப்படித்தானா, திருத்தணி மட்டும் மோசமா? 1904இல் காசிக்குப் போன ஈ.வெ.ராவை, பார்ப்பனருக்கு மட்டும் சோறு போட்ட சத்திரத்திலிருந்து வெளியே தள்ளினார்கள், அவர் பசியில் எச்சிலையில் கிடந்த சோற்றைத் தின்றார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தச் சத்திரத்தைக் கட்டியது பார்ப்பனரல்லாத ஒரு வியாபாரி என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். ஈரோட்டில் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதி. தர்மம் செய்பவன் தனக்குப் புண்ணியம் வரவேண்டும் என்று செய்கிறான். யாருக்குக் கொடுத்தால் புண்ணியம், யாருக்குக் கொடுத்தால் தீட்டு என்று அவன் சாஸ்திரத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. ஆகவே ஆள் பார்த்துத்தான் கொடுப்பான். வாசலில் உட்கார்ந்து கேட்கிறானே, அந்தக் கேள்வி தர்மத்துக்குக் குறுக்கே வந்ததல்ல, அவனுடைய தர்மமே அதுதான்.

இப்போது ஊட்டி. முதல்முறை போனது சங்க மாநாட்டுக்கு. அரக்கோணத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜு. ஈரக் கம்பளி நாற்றம், சுவரெல்லாம் பூஞ்சை, சுடுதண்ணி பக்கெட் கணக்கு. கவுண்டரில் இருந்த பையன் தலையை நிமிர்த்தாமல் பெரிய நோட்டைத் தள்ளினான். பேர், ஊர், எத்தனை பேர், வந்த நேரம், எதற்கு வந்தீர்கள். எழுதினேன். முன்பணம் வாங்கினான். சாவியைக் கொடுத்தான். அவ்வளவுதான். எந்தத் தெரு என்று அவன் கேட்கவில்லை. "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த நாற்றக் கம்பளிக்குள் அன்றைக்கு நான் தூங்கியதைப் போல வேறெங்கும் தூங்கியதில்லை என்றால் தோழர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இரண்டாவது தங்கல் ஒரு பெரிய ஓட்டலில். ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள், வெள்ளைக்காரன் பங்களாவை ஓட்டலாக மாற்றியது. கும்பிட்டு வரவேற்றார்கள், பெட்டியைத் தூக்கினார்கள். நோட்டில் பேர் எழுத மூன்று வரி, அப்பா பேரும் வேண்டுமாம். சாப்பாட்டு அறையில் பழைய போட்டோக்கள். துரை, துரைசானி, வேட்டை நாய் வரைக்கும் கீழே பேர் எழுதியிருந்தது. பின்வரிசையில் தலைப்பாகையோடு நிற்கிற சமையல்காரர், பட்லர் யாருக்கும் பேர் இல்லை. தோடர், கோத்தர், படகர் வாழ்ந்த மலையில் 1820களில் சல்லிவன் வீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அடுப்படியில் நின்றவர்களில் நம் ஆட்கள் நிறைய. அயோத்திதாசரின் தாத்தா கந்தப்பனும் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தவர்தான். இரட்டைமலை சீனிவாசன் 1890இல் சென்னைக்கு வரும் முன்னால் நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கு எழுதினார். 1891 டிசம்பர் 1இல் திராவிட மகாஜன சபையின் மாநாடு நடந்தது ஊட்டியில். நிலமும் கோயிலும் அக்கிரகாரமும் வைத்து ஏற்கெனவே பங்குபோட்டு முடித்த ஊராக இருந்திருந்தால் அது அவ்வளவு சுளுவாக நடந்திருக்குமா? நமக்கு ஊட்டி சுற்றுலாத்தலம் மட்டுமல்ல என்பதைக் கல்லூரித் தோழர்கள் படகு விடுகிற நேரத்திலாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். சில வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு போனபோது, சீசன் நேரம், லாட்ஜில் இடமில்லை. ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சுத்தமான வீடு, வாசலில் கோலம். "நம்ம வீடு மாதிரி இருக்கலாங்க" என்றார் வீட்டுக்கார அம்மா. கறி மீன் கூடாதுங்க என்றார். சரி என்றேன். காபி வந்தது. எந்த ஊருங்க என்றார். பள்ளிப்பட்டு, திருத்தணிக்குப் பக்கம் என்றேன். அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா, நீங்க என்ன... என்று இழுத்தார். சொன்னேன். அதற்குப் பிறகு கோபமெல்லாம் இல்லை. தண்ணிக் குழாய் ரிப்பேர், ஊரிலிருந்து மச்சினர் குடும்பம் வருகிறது, மறந்தே போச்சுங்க என்றார். நாங்கள் குடித்த காபி டம்ளர்கள் மட்டும் மாடிச் சுவர்மேல் தனியாக இருந்தன. என் மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

எங்கே உபசாரம் கூடுகிறதோ அங்கே கேள்வியும் கூடுகிறது. தலை நிமிராத லாட்ஜுக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட்ட ஓட்டல்காரன் அப்பா பேர் கேட்டான். வீடு மாதிரி என்று சொன்ன வீடு எல்லாவற்றையும் கேட்டது. சாதி குடியிருப்பது வீட்டில்தான், அடுப்பிலும் டம்ளரிலும்தான். எனவே வீடு மாதிரி இருக்கிற எந்த இடமும் நமக்கு ஆபத்து. 2024 மே மாசத்திலிருந்து ஊட்டிக்குப் போக இ-பாஸ் வாங்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவு. வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்று மிஷின் கேட்கிறது. தெருவைக் கேட்பதில்லை. மிஷினுக்கு அந்தப் புத்தி இன்னும் வரவில்லை.

அப்படியானால் காசே போதுமா? போதாது என்பதற்கு அம்பேத்கரே சாட்சி. 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவர், தங்க இடமில்லாமல் பார்சி சத்திரத்தில் போய் நின்றார். நாளைக்கு ஒன்றரை ரூபாய், நோட்டில் ஒரு பார்சிப் பெயர் என்று நடத்துகிறவரோடு பேசி முடித்தார். பதினோராவது நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வாடகை பாக்கி இல்லை. சிநேகிதர்கள் வீட்டிலும் இடமில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற சிறு நூலில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அமெரிக்காவிலும் இதே கதை. கறுப்பர்கள் காரில் வெளியூர் போனால் எங்கே படுக்க இடம் கிடைக்கும் என்று பார்ப்பதற்கே விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் தொடங்கினார். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்ததும், அட்லாண்டாவில் 216 அறை மோட்டல் வைத்திருந்த ஒரு முதலாளி கோர்ட்டுக்குப் போனார். கறுப்பனுக்கு அறை கொடு என்று என்னைக் கட்டாயப்படுத்துவது என்னை அடிமையாக்குவது என்று வாதாடினார். யார் பேசுகிற பேச்சு பாருங்கள். அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் எதைக் காரணம் காட்டி? மாநிலம் விட்டு மாநிலம் நடக்கிற வியாபாரத்தை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதைக் காட்டி. மனிதனுடைய உரிமையை மாடு, பழம், இரும்பு, நிலக்கரி போகிற வழியில் வைத்துப் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்ற பொருள்பட டக்ளஸ் என்ற நீதிபதி தனியாக எழுதினார். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கதவு திறந்தது. வியாபாரத்தின் பேரால் திறந்த கதவு தர்மத்தின் பேரால் மூடிய கதவைவிட எனக்கு மேல்.

நம்முடைய அரசியல் சட்டம் அந்தச் சுற்றுவழியில் போகவில்லை. 15ஆம் பிரிவு கடை, ஓட்டல் என்று நேராகவே அடிப்படை உரிமையாக எழுதியிருக்கிறது. 1948 நவம்பர் 29இல் அரசியல் நிர்ணய சபையில், கடை என்றால் எது, முடிவெட்டுகிறவரும் வெளுக்கிறவரும் அதில் அடங்குவார்களா என்ற கேள்வி எழுந்தபோது, கடை என்பது உள்ளே நுழைய விடுவது மட்டுமல்ல, விலைக்கு ஒப்புக்கொண்டால் சேவையைத் தந்தாக வேண்டும், அந்த விரிந்த பொருளில்தான் போட்டிருக்கிறோம் என்ற கருத்தில் அம்பேத்கர் விளக்கம் சொன்னார். பரோடாவில் வாடகை கட்டியும் துரத்தப்பட்டவர் சொன்ன விளக்கம் அது.

லாட்ஜைப் புகழ்ந்துவிட்டுப் போய்விட முடியாது. அந்தப் பஸ் நிலைய லாட்ஜில் இரண்டாம் நாள் கக்கூஸ் கழுவ ஒரு பெண் வந்தார். தனக்குள் ஏதோ தெலுங்கில் முனகிக்கொண்டே வந்தார். எல்லைக்காரனுக்குக் காது சும்மா இருக்குமா, நானும் தெலுங்கில் பேசினேன். "மீதி ஏ ஊரு?" என்றார். சொன்னேன். அதே கேள்விதான், திருத்தணி வாசலில் கேட்டதுதான். ஆனால் இவர் கேட்டது உறவு சேர்க்க. பேச்சு நீண்டது. உட்காரும்மா என்று நாற்காலியைக் காட்டினேன். மேனேஜர் பார்த்தால் சம்பளத்தில் பிடிப்பார், ரூமில் உட்காரக் கூடாது என்றார், வாளியைக் கீழே வைக்காமலே நின்றார். லாட்ஜுக்காரன் என்னிடம் கேட்காத கேள்வியை, அவரை வேலைக்கு எடுக்கும்போதே கேட்டு முடித்துவிட்டான். வேறு தெருவிலிருந்து ஒருத்தரை அந்த வாளியோடு நான் எந்த லாட்ஜிலும் பார்த்ததில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் பக்கத்துப் பையன்கள். திருத்தணியில் எல்லாச் சாதிக்கும் சத்திரம் இருக்கிறது, நமக்கென்று ஒன்று கட்டுவோம் என்று நோட்டீஸ் அடித்து வசூலுக்கு வந்தார்கள். நான் எதிர்த்தேன். வாசலில் நாமும் ஒரு ஆளை உட்கார வைத்துத் தெரு கேட்பதற்கா சத்திரம் என்றேன். பொய்கையில் படுக்கிற அத்தனை பேருக்கும் அரசாங்கம் இலவசக் கூடம் கட்டட்டும், அதற்குப் போராடலாம் என்றேன். அதில் ஒரு பையன் விடவில்லை. "அண்ணே, உங்களுக்குச் சம்பளம் வருது, லாட்ஜுல படுப்பீங்க. அரசாங்கம் கட்ற வரைக்கும் கிருத்திகைக்கு வர்ற நம்ம ஆயாங்க எங்க படுக்கும்?" என்றான். சரியான கேள்வி. லாட்ஜு காசுள்ளவனுக்குத்தான் கேள்வி கேட்காத இடம்.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். கட்டுங்க, ஆனால் பலகையில் சாதிப் பேர் வேண்டாம், நோட்டில் பேரும் தேதியும் மட்டும், இருளரோ ஊர்த்தெருவோ யார் வந்தாலும் பாய் கொடு என்றேன். தலையாட்டினான். கக்கூஸை யாரு கழுவுவாங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். ஆள் வெச்சுக்கலாம்ண்ணே என்றான். எந்தத் தெரு ஆளு என்றேன். சிரித்துவிட்டு, சரி, முறை வெச்சுக் கழுவுவோம் என்றான். முறைப் பட்டியல் எழுதிக் கொண்டு வா, முதல் வாரம் என் பேரைப் போடு, அன்றைக்கே பணம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வசூல் நடக்கிறது. பட்டியல் இன்னும் வரவில்லை.