கண்ணீருக்கும் கணக்கு உண்டு

நம்மில் பெரும்பாலோர் எதையாவது இழந்துதான் இந்த நாட்டுக்கு வந்தோம். 1983 ஜூலையில் வீட்டை இழந்தவர்களும், பின்னர் பிள்ளையை இழந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். ஆகவே ஒருவர் கண்கலங்கினால் உடனே மனமிரங்குகிறோம். அது நல்ல குணமே. ஆனால் அந்த இரக்கத்தையே முதலாக்கிப் பிழைப்போரும் உளர் என்பதைச் சொல்லத் தயங்குகிறோம்.

சீட்டை முதல் மாதங்களிலேயே எடுத்துவிட்டு, பிறகு காசு கட்டாமல் நிற்பார் ஒருவர். கேட்டால், "அகதியாய் வந்தவனை இப்பிடி நெரிக்கிறியளே" என்று நாலு பேர் முன்னிலையில் அழுவார். கேட்டவர் கொடியவராகிறார், கடன் மறைந்துபோகிறது. செய்ததை மறுத்தல், கேட்டவரைத் தாக்குதல், பின் தாமே பாதிக்கப்பட்டவராக மாறுதல் என்னும் இம்மூன்று படிகளையும் அமெரிக்க உளவியலாளர் ஜெனிபர் பிரெய்ட் 1997 இல் எடுத்துக்காட்டினார்.

நமக்கு இது புதிதல்ல. சூர்ப்பணகை இராவணனிடம் சென்றபோது அவளுடைய மூக்கு உண்மையாகவே அறுபட்டிருந்தது. காயம் பொய்யல்ல. தான் இராமனை விரும்பியதை மறைத்து, அண்ணனுக்காகவே சீதையைக் கவர முயன்றதாகச் சொன்னாளே, அதுதான் பொய். அந்த அரைக் கணக்கைக் கேட்டுப் புறப்பட்டவன் இலங்கையையே இழந்தான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது "வலி உண்மையா?" என்பதல்ல, "கணக்கு முழுமையா?" என்பதே. பற்றை மட்டும் எழுதி வரவை விட்ட ஏட்டை எந்தக் கணக்காளரும் ஒப்பமாட்டார்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உண்மையாக அடிபட்டவரும் கோபத்தில் முன்பின் முரணாகப் பேசுவதுண்டு. வீட்டில் அடிவாங்கி அழும் பெண்ணை "நடிக்கிறாள்" என்று தள்ளிவிடுவது பெரும் பாவம். ஒருநாள் அழுகையைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. ஆண்டுக்கணக்காக, பலரோடும் வந்த ஒவ்வொரு பிணக்கிலும் தாம் மட்டுமே அப்பாவி என்று ஒருவர் சொல்வாராயின், அப்போது ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

அத்தகையோருடன் வாதாடுவதால் பயனில்லை. மறுபக்கத்தையும் கேட்போம். கொடுக்கல் வாங்கலை எழுத்தில் வைப்போம். பசி என்றால் சோறு கொடுப்போம். கடனைக் கடனாகவே கேட்போம். பொய்யான அழுகைக்குப் பயந்து நாம் எப்போதும் விட்டுக்கொடுத்தால், நாளை உண்மையாக அழுபவரை நம்ப ஆளிராது.