நான்காவது பிள்ளை

மகள் வேலைக்காக வெளியூர் போன புதிதில் ஒரே இரவில் மூன்று தடவையாவது அவளுக்குப் போன் செய்துவிடுவேன். சாப்பிட்டாயா, ரூமுக்கு வந்துவிட்டாயா, கதவைத் தாழ் போட்டாயா என்று கேட்பேன். ஒருநாள் அவள் பொறுமையாகக் கேட்டாள்: "அப்பா, நான் நல்லா இருக்கேனான்னு தெரிஞ்சுக்கக் கூப்பிடுறீங்களா, உங்களுக்குத் தூக்கம் வரணும்னு கூப்பிடுறீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

பற்றை விடச் சொல்லும் பௌத்தத்தில் பிள்ளைப் பாசத்துக்கு இடம் உண்டா? இந்தக் கேள்வி வெகுநாளாக என்னோடு இருக்கிறது. புத்தர் வீட்டைத் துறந்தவர். அவர் மகன் ராகுலனின் பெயருக்கே தளை என்றுதான் மரபு பொருள் சொல்கிறது. குடும்பஸ்தன் அவரிடம் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

விடையின் ஒரு பாதி, துறவிகளுக்கான விதிகளின் தொகுப்பான விநய பிடகத்தில் கிடைத்தது. ஞானம் பெற்றபின் புத்தர் கபிலவஸ்துவுக்கு வருகிறார். தாய் சொல்லி அனுப்பிய சிறுவன் ராகுலன் அவர் பின்னாலேயே நடந்து, தனக்குரிய சொத்தைக் கேட்கிறான். புத்தரோ தன் சீடர் சாரிபுத்தரிடம் சொல்லி அவனைத் துறவில் சேர்த்துவிடுகிறார். புத்தரின் தந்தை, முதிய சுத்தோதனர் துடித்துப்போகிறார். நீ போனாய், உன் தம்பி நந்தன் போனான், இப்போது பேரனுமா என்று மகனிடமே முறையிடுகிறார். பற்றறுத்த மகன் அந்த வலியைப் பற்று என்று ஒதுக்கவில்லை. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைத் துறவில் சேர்க்கக் கூடாது என்று விதி வகுக்கிறார். இன்றும் தேரவாதத் துறவேற்பில், தாய் தந்தை அனுமதி தந்தார்களா என்று கேட்கிறார்கள். ஒரு தாத்தாவின் வேதனை இத்தனை நூற்றாண்டுகளாக விதியாக நிற்கிறது.

மறுபாதி, 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்னும் நூலில் இருந்தது. மைத்திரி என்னும் நல்லன்புக்குத் தூரத்துப் பகை வெறுப்பு. பக்கத்துப் பகை ஆசை என்கிறார் அவர். வெறுப்பை எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆசையோ அன்பின் முகத்தோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். உபேட்சை என்னும் சமநிலைக்கும் அப்படியொரு பக்கத்துப் பகை உண்டு. அதன் பெயர் அலட்சியம். பற்றில்லாமல் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டாரை மறந்திருப்பவன் அதனிடம்தான் ஏமாந்திருக்கிறான்.

இதை விளக்கப் புத்தகோசர் ஒரு தாயைக் காட்டுகிறார். அவளுக்கு நான்கு பிள்ளைகள். குழந்தை வளர வேண்டும், நோயாளி தேற வேண்டும், இளைஞனின் செழிப்பு நிலைக்க வேண்டும் என்று மூவருக்காக அவள் மனம் விழைகிறது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நான்காமவனைப் பற்றி மட்டும் அவளுக்குக் கவலை இல்லை. நாலும் ஒரே மனம்தான். நான்காமவனை அவள் கைவிடவில்லை. அவன் கால்களை நம்புகிறாள்.

அங்கே என் தவறு தெரிந்தது. நான்காவது பிள்ளையை முதல் பிள்ளையாகவே வைத்துக்கொள்ளத் தவித்திருக்கிறேன். அந்தத் தவிப்புதான் பற்று. பிள்ளைக்கு இன்று என்ன தேவையோ அதற்கேற்ப இடம் மாறத் தெரிந்தது அன்பு.

இப்போதெல்லாம் அவள் கூப்பிடும்போது பேசுகிறேன். போன மாதம் காய்ச்சல் என்றாள். அன்றிரவே பஸ் ஏறினேன். மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். நான்காம் நாள் காலை அவள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். நானும் ஊருக்குக் கிளம்பினேன்.

போனது பாசம் என்று எனக்கு முன்பே தெரியும். திரும்பி வந்ததும் பாசம்தான்.