கம்பெனி அடிக்காத காசு

ஒரு தங்கக் காசு. அரசாங்கத்தின் சொந்த நாணயச்சாலையில், அரசாங்கத்தின் அச்சில், அரசாங்கத்தின் தங்கத்தில் அடித்தது. எடையிலும் குறை இல்லை, மாற்றிலும் குறை இல்லை. ஆனாலும் "இது காசு இல்லை" என்று அதே அரசாங்கம் சொல்கிறது. அது எப்படி?

இது விடுகதை இல்லை நண்பர்களே, நடந்த கதை. 1933இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலை 20 டாலர் தங்கக் காசுகள் 445,500 அடித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட், மக்கள் கையில் இருக்கும் தங்கத்தை ஒப்படைக்கும்படி ஆணையிட்டார். நாட்டில் அப்படி ஒரு பணநெருக்கடி. அதனால் அடித்த காசுகள் வெளியே விடப்படவே இல்லை. அருங்காட்சியகத்துக்கு 2 காசுகளை ஒதுக்கிவிட்டு, 1937இல் மற்றதை உருக்கிக் கட்டியாக்கினார்கள். ஆனால் சில காசுகள் எப்படியோ கதவைத் தாண்டிவிட்டன. ஒன்று எகிப்து மன்னர் பாரூக்கின் சேகரிப்பில் போய்ச் சேர்ந்தது. 1996இல் அப்படிப்பட்ட ஒரு காசை விற்க வந்த ஆங்கிலேய வியாபாரியை நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் வைத்துப் பிடித்தார்கள். வழக்கு நடந்து, சமரசத்தில் முடிந்து, 2002இல் அந்தக் காசு ஏலத்தில் 75 லட்சம் டாலருக்கு மேல் போனது.

அப்போது ஒரு சின்ன சடங்கு நடந்தது. ஏலத்தொகை போக, தனியாக இன்னொரு 20 டாலர் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது. அந்த 20 டாலர் கட்டிய பிறகுதான் அது சட்டப்படி 'வெளியிடப்பட்ட' காசு. 69 வருஷமா வெறும் தங்கமா இருந்தது, அன்னிக்குத்தான் காசாச்சு. 2021இல் அதே காசு மறுபடி ஏலத்துக்கு வந்து 1 கோடியே 88 லட்சம் டாலருக்குப் போனது. அதுவரை எந்த நாணயமும் அந்த விலையைத் தொட்டதில்லை. அதன் உடன்பிறப்புகள் 10, ஒரு நகை வியாபாரியின் குடும்பத்துப் பெட்டகத்தில் பிறகு கிடைத்தன. நீதிமன்றம் அவற்றை அரசாங்கத்தின் சொத்து என்று தீர்த்துவிட்டது. குடும்பத்துக்கு ஒரு டாலர்கூட இல்லை.

எனக்கு இந்தக் கதையில் கோடிகளைவிட அந்த 20 டாலர்தான் பிடிக்கும். காசை உண்டாக்குவது தங்கம் இல்லை என்பதை அது காட்டிவிடுகிறது. "இதற்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் ஒப்புக்கொண்டு, தன் கையால் வெளியே விட வேண்டும். அந்தப் பொறுப்பை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். நம் நாட்டில் கிரிஸ் படம் போட்ட ஒரு வெள்ளிக் காசு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது. உலோகம் அப்படியேதான் இருக்கிறது, பின்னால் நின்ற ஆள்தான் விலகிக்கொண்டார்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். யாரும் வெளியிடாத காசு இங்கே பாலிக் புலாவிலும் இருக்கிறது. நம் வீட்டுச் சாமி மேடையிலேயே இருக்கிறது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். செம்போ பித்தளையோ, பழசு மாதிரி கறுத்திருக்கும். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், காலடியில் அனுமார். சிலவற்றில் லட்சுமி, சிலவற்றில் பிள்ளையார். மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, யு.கே.எல். ஒன் அணா, 1818 என்று இருக்கும். "200 வருஷத்துக் காசுப்பா, லட்சக்கணக்கில் போகும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. 1818இல் கம்பெனிக்கு இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயம் கிடையாது. வங்காளம், பம்பாய், சென்னை என்று மூன்று மாகாணங்களும் தனித்தனியாக அடித்தன. ஒரே மாதிரி நாணயம் வந்தது 1835இல்தான். அதில் வந்த செப்புக் காசுகளில் கம்பெனியின் சிங்கமும் கேடயமும்தான் உண்டு, சாமி இல்லை. ஒரு அணா என்ற காசே எட்வர்ட் மன்னர் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிறந்தது, அதுவும் செம்பில் இல்லை. ஆக, 1818இல் செம்பு அணா என்பது தாத்தா பிறப்பதற்கு முன்பே பேரனுக்குப் பெயர் வைத்த கதை. நம் பினாங்குக்கென்றே கம்பெனி அடித்த பழைய செப்புக் காசுகள் உண்டு. அவற்றில் ஒரு பக்கம் கம்பெனி முத்திரை, மறுபக்கம் அரபு வரிவடிவத்தில் இந்தத் தீவின் பெயர். அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. இந்தப் போலி ஏன் இவ்வளவு எளிதாக விலை போகிறது? "வெள்ளைக்காரனே நம்ம சாமியைக் காசுல போட்டிருக்கான் பாத்தியா" என்று சொல்லும்போது வரும் பெருமைதான் காரணம் என்று நினைக்கிறேன். ராமருக்குக் கம்பெனியின் சான்றிதழ் எதற்கு? விஜயநகரத்து முதலாம் ஹரிஹரர் தன் காசில் அனுமாரைப் போட்டார். கிருஷ்ணதேவராயர் தன் பொற்காசில் பாலகிருஷ்ணனைப் போட்டார். நம் பாட்டிமார் கதையில் வரும் 'வராகன்' என்ற காசுப் பெயரே திருமாலின் அவதாரத்திலிருந்து வந்தது. சொல்லப்போனால் கம்பெனியும் சென்னையில் உண்மையாகவே சாமி படம் போட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த வராகனில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறுபக்கம் திருமால், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். பக்தியால் செய்ததில்லை. சாமி இருந்தால்தான் தென்னாட்டுச் சந்தையில் காசை நம்பி வாங்குவார்கள், அதனால் போட்டது. இந்த உண்மைக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பொய்க்காசு மட்டும் வாட்ஸ்அப்பில் வருகிறது.

பெருமையோடு நின்றால் பரவாயில்லை, பணத்துக்கும் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 'ரைஸ் புல்லிங்' என்று ஒரு மோசடி பல வருஷமாக நடக்கிறது. இரிடியம் கலந்த பழங்காசு, கலசம் எல்லாம் அரிசியை இழுக்குமாம். வெளிநாட்டு விண்வெளிக் கம்பெனிக்காரன் கோடி கொடுத்து வாங்குவானாம். அதற்கு முன் 'சோதனைக் கட்டணம்' மட்டும் நீங்கள் கட்ட வேண்டுமாம். இரும்புத்தூள் பூசிய அரிசியும் ஒளித்து வைத்த காந்தமும் இருந்தால் இந்த வித்தையை யாரும் காட்டலாம். 2014இல் வந்த 'சதுரங்க வேட்டை' படத்தில் பார்த்துச் சிரித்தோமே, அதேதான்.

எங்கள் தெருவில் அது சிரிப்பாக இல்லை. ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மாமா இருக்கிறார். 5 வருஷத்துக்கு முன்பு 600 வெள்ளி கொடுத்து ஒரு 1818 ராமர் காசு வாங்கினார். சாமி மேடையில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைப்பார். இந்த டுரியான் சீசனில் அக்கரையிலிருந்து ஒருத்தன் வந்தான். காசை 3 லட்சம் வெள்ளிக்கு எடுத்துக்கொள்வானாம், சோதனைக்கு 2,000 வெள்ளி முன்பணம் கட்ட வேண்டுமாம். மாமா டுரியான் விற்ற பணத்தை எண்ணி வைத்துவிட்டார். அத்தை வந்து என்னைக் கூப்பிட்டார்.

மேலே எழுதியதையெல்லாம் நான் அவரிடம் சொன்னேன். மாமா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்போ அஞ்சு வருஷமா நான் கும்பிட்டது பொய்யா தம்பி?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே. பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது பயத்தால் இல்லை. நம் வழிபாட்டில் மஞ்சளைப் பிடித்து வைத்தால் பிள்ளையார். அந்த மஞ்சளை எந்தக் கடையில் வாங்கினாய் என்று பிள்ளையார் கேட்பதில்லை. பூஜை முடிந்ததும் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம், பிள்ளையார் குறைந்து போவதில்லை. வட இந்தியாவில் ராமர் பட்டாபிஷேக வில்லைகளைப் பூஜைக்கென்றே அடித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் வெகுநாளாக இருக்கிறது. அவை காசு என்று யாரையும் ஏமாற்றுவதில்லை. மாமா கும்பிட்டது முன்பக்கத்தை. பொய் எழுதியிருப்பது பின்பக்கத்தில். "முன்பக்கம் உங்களோடது மாமா, அதை யாரும் எடுக்க முடியாது. பின்பக்கத்துக்குத்தான் அவன் 2,000 கேக்கிறான்" என்றேன். 2,000 வெள்ளி அலமாரிக்குத் திரும்பிப் போனது.

ஆனால் மாமா விடவில்லை. மறுநாளே வந்தார். "லாபம் வேணாம்பா. நான் குடுத்த 600க்கே யாருக்காவது கொடுத்திடறேன். அவங்களும் கும்பிடப் போறாங்க. இதுல என்ன தப்பு?"

இது லேசான கேள்வி இல்லை. கோடீஸ்வரர் இல்லை அவர், 600 வெள்ளி அவருக்கு இரண்டு வாரச் சாப்பாட்டுச் செலவு. வாங்குகிறவருக்கும் மனநிறைவு. வள்ளுவரே யாருக்கும் கேடில்லாத நன்மை தருமானால் பொய்க்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறாரே என்று மாமா கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். யோசித்துப் பார்த்தால் பதில் அந்த 600க்குள்ளேயே இருக்கிறது. ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் இதே காசை 5 வெள்ளிக்குப் பார்த்திருக்கிறேன். "சாமி வில்லை, அஞ்சு வெள்ளி" என்று விற்கிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. 600இல் 5 வெள்ளி ராமருக்கு. மீதி 595 வெள்ளி '1818' என்ற பொய்க்கு. மாமா முதலில் ஏமாந்தபோது அவர் குற்றவாளி இல்லை, அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்த பிறகு கைமாற்றினால், அந்தக் காசை வெளியிட்டவர் மாமாவே ஆகிவிடுகிறார். இதுவரை யாரும் பொறுப்பேற்காத காசுக்கு அவர் பொறுப்பேற்கிறார்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பார்த்து அவங்களா எடுத்துக்கட்டும்" என்றும் சொல்லிப் பார்த்தார். அதற்குத் தர்மரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அஸ்வத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லிவிட்டு, யானை என்பதை வாய்க்குள் சொன்னவர். அதுவரை தரையிலிருந்து நாலு விரல் மேலே ஓடிய அவர் தேர் அன்று மண்ணில் இறங்கியது. ஜெயித்தது அவர் கட்சிதான், போரும் தர்மத்துக்கான போர்தான், இருந்தும் தேர் இறங்கியது. மாமா சிரித்துவிட்டார். "எனக்கு ஏதுப்பா தேரு, மோட்டார்தான்" என்றார். காசு இன்னும் அவர் சாமி மேடையில்தான் இருக்கிறது. 600 வெள்ளி போனது போனதுதான். அந்த வலியை நான் லேசாக எழுதிவிட்டுப் போக விரும்பவில்லை. உண்மையாக இருப்பதற்கு அவர் கொடுத்த விலை அது, ஏமாற்றியவன் ஒரு காசும் கொடுக்கவில்லை.

இதே தலைவலி எங்கள் கோயிலுக்கும் வந்தது. உண்டியல் எண்ணும்போது இந்த மாதிரி காசுகள் 13 கிடைத்தன. வங்கியில் எடுக்க மாட்டார்கள். ஏலம் விட்டால் திருப்பணிக்கு ஆகும் என்றார் ஒருவர். உருக்கி விளக்கு செய்யலாம் என்றார் இன்னொருவர். "சாமி உருவத்தை நெருப்புல போடுவீங்களா?" என்று பாட்டி ஒருவர் சத்தம் போட்டார். கடைசியில் ஒரு மைலோ டின்னில் போட்டு அலுவலக அலமாரியில் வைத்தோம். கணக்குப் புத்தகத்தில் பொருளாளர், 'சாமி வில்லைகள் 13, மதிப்பு இல்லை' என்று எழுதினார். தலைவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, 'மதிப்பு' என்பதற்கு முன்னால் 'பண' என்று சேர்க்கச் சொன்னார்.