பள்ளத்தை அடைக்கலாமா?

“இந்தப் பள்ளத்தையும் பட்டி வச்சு அடச்சிறவாண்ணே?” என்று கேட்டார் பெயிண்டர் தம்பி. நியாயமான கேள்விதான். ஆனால் அன்றிலிருந்து அது என்னை விடவில்லை.

பெட்டி, தாத்தாவின் கல்லாப்பெட்டி. திண்டுக்கல்லில் அவர் புகையிலை மண்டி வைத்திருந்த காலத்துத் தேக்கு. பேத்தி எழுதிப் படிக்க வேண்டுமென்று மகள் கேட்டாள். பெயிண்ட் அடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. பள்ளம் இருப்பது சாய்வு மூடியின் வலது ஓரத்தில், கட்டைவிரல் பதிகிற அளவில். உப்புத்தாள் போடப் போட மற்ற இடமெல்லாம் சமமாகிவர, அது மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. அடியில் பழைய பச்சை பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

பூட்டை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின் திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. பள்ளத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது யார்?

அந்த இடத்தில்தான் தாத்தா காசைச் சுண்டிப் போடுவார். சத்தத்தை வைத்து நல்ல காசா, கள்ளக் காசா என்று சொல்லிவிடலாமாம். நான் மண்டியில் உட்கார்ந்திருந்தது அலுமினியப் பத்துப் பைசாக் காலம். அதில் என்ன சத்தம் வரும்? ‘தட்’டென்று விழும். தாத்தா அதையும் விடமாட்டார். “கைப்பழக்கம்டா” என்பார். 1940 வரை ரூபாயில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அந்த வருடம் அது பாதியாகக் குறைந்தது. 1947-ல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. அப்படியானால் மரம் ஆழமாகத் தேய்ந்தது வெள்ளி ரூபாய் விழுந்த நாட்களில்தான் இருக்கும். தாத்தாவின் கையோடு அவருடைய அப்பாவின் கையும் அதில் சேர்ந்திருக்கிறது.

அது எங்கள் குடும்பத்தின் உழைப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க வேறொன்று தோன்றியது. அது சந்தேகப்பட்ட இடமும் அல்லவா? பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, தான் கொடுத்த காசு எப்படி ஒலிக்கப்போகிறதோ என்று காத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்? செல்லாது என்று திருப்பித் தரப்பட்ட காசை வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் அன்று என்ன சமைத்தார்களோ. நான் காப்பாற்ற நினைப்பதில் அதுவும் இருக்கிறது.

எப்போதோ படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேற்பூச்சைப் பெயர்த்து, நாயக்கர் ஓவியத்தையும் ஃபைபர் கண்ணாடிப் பலகையில் ஏற்றி வைத்தார்கள். மங்கிய சுவரைப் புதுப்பிக்கிறோம் என்றுதான் நாயக்கர் காலத்து ஓவியர்கள் எண்ணியிருப்பார்கள். அவர்கள் மூடியதுதான் சோழர் கைவேலையைக் காத்ததோ? அந்தக் கணக்கில் பட்டியும் ஒரு காவல்தான்; என்றாவது ஒருவர் சுரண்டிப் பார்க்கலாம். ஆனால் அடியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தவர்தானே சுரண்டுவார்? பெரிய கோயிலைத் தேடி அறிஞர்கள் வருவார்கள். கல்லாப்பெட்டியைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

மகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. “பள்ளத்து மேல நோட்டு வச்சு எழுதினா பேப்பர் கிழியும்ப்பா” என்றாள். புழங்காத சாமான் மூலையில் கிடந்து கரையான் அரித்துத்தான் போகும். எங்கள் வீட்டில் ஒரு தொட்டில் அப்படிப் போயிருக்கிறது.

பள்ளத்தை அடைக்க வேண்டாம், பச்சையை மட்டும் சுரண்டிவிடுங்கள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். பேத்தி மேலே ஒரு பரீட்சை அட்டையை வைத்து எழுதிக்கொள்ளட்டும். இது அவளுக்காகச் செய்ததா, எனக்காகச் செய்ததா என்று எனக்கே தெளிவில்லை. அவள் பெரியவளாகி அடைத்துக்கொண்டால் அதைத் தவறென்று சொல்ல என்னிடம் காரணமும் இல்லை.

பச்சையைச் சுரண்டியதில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயிண்டை நீங்கள் தேய்ப்பதாக இருந்தால் வாட்டர் பேப்பர் வாங்கி, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். தூசி அடங்கும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.