அழித்தெழுதிய மந்திரவாதி

தாள், பென்சில், பகடை ஆகியவற்றை மட்டும் கொண்டு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திர ஆட்டங்களில், ஆட்டக்காரர் தாம் ஏற்ற கற்பனை மனிதரின் வலிமையையும் கல்வியையும் உடைமைகளையும் பதிந்து வைக்கும் ஏட்டுக்குப் பாத்திரத் தாள் என்று பெயர். அத்தகைய பழைய தாள் ஒன்று, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்காக டிஎஸ்ஆர் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட 'டார்க் சன்' என்னும் பாலை உலகில் அலைந்த மந்திரவாதி ஒருவருடையது. அவரை மறுபடியும் ஆட எண்ணி அதை எடுத்த ஆட்டக்காரருக்கு, பாத்திரத்தின் வகையை, அதாவது வகுப்பைக் குறிக்கும் கட்டம் மட்டும் ஓயாமல் உறுத்துகிறது: அங்கே 'பிரிசர்வர்' என்று எழுதப்பட்டிருக்க, அதனடியில் ரப்பரால் அழித்த ஏதோ ஒரு சொல்லின் தடம் தெரிகிறது.

அந்த உலகில் மந்திரத்துக்குரிய ஆற்றல் செடிகொடிகளின் உயிரிலிருந்தே எடுக்கப்படுகிறது. மண் கெடாத அளவில் நிதானமாக எடுப்பவர் பிரிசர்வர், கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிவிட்டுச் சாம்பலை விட்டுச் செல்பவர் டிஃபைலர். விதிநூல் டிஃபைலருக்கே சலுகை காட்டுகிறது என்பதுதான் விந்தை. குறைந்த அனுபவப் புள்ளிகளிலேயே அவர் அடுத்த நிலைக்கு ஏறிவிடுகிறார். மேலும், ஒரே மந்திரம் அடர்ந்த காட்டில் சிறு வட்டத்தையும் வறண்ட மணலில் பெரு வட்டத்தையும் அழிக்கும் என்று அட்டவணை சொல்வதால், இல்லாத இடத்திலிருந்துதான் அதிகம் பறிபோகிறது. பொழுதுபோக்குக்காக எழுதிய அட்டவணையில் இவ்வளவு உண்மை இருக்க வேண்டியதில்லை.

அழிக்கப்பட்ட சொல் 'டிஃபைலர்' என்றே கொண்டாலும், அது எப்போது அழிக்கப்பட்டது என்பதைத் தாள் சொல்வதில்லை. பாத்திரத்தை உருவாக்கிய முதல் நாளிலேயே அழித்திருந்தால் அது பள்ளிப் பருவத்து மனமாற்றம், அவ்வளவே. சில காலம் ஆடிய பின், கதை நடத்துநரின் இசைவோடு அழித்திருந்தால், அந்த மந்திரவாதி எங்கோ ஒரு புல்வெளியைச் சாம்பலாக்கிவிட்டுத்தான் நல்லவரானார் என்றாகிறது. எழுத்துப் பிழையோடு எழுதிய 'பிரிசர்வர்' என்ற அதே சொல்லைத் திருத்தியதாகவும் இருக்கலாம். ஆனால் உறுத்தல் அந்த எளிய விளக்கத்தை ஏற்க மறுக்கிறது.

பாலை என்பது தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து அடையும் கோலம் என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வருவது, பாடநூல் வழியாக அரைகுறையாய் நினைவில் தங்கியவர்களுக்கும் இங்கே எதிர்ப்படும். ஆயினும் அந்தப் பாலை மழை வந்தால் மீளக்கூடியது. டிஃபைலர் கடந்த மண்ணில் நெடுங்காலத்துக்கு எதுவும் முளைப்பதில்லை. மனிதர் கெடுவது இவ்விரண்டில் எந்த வகை என்பது தெரிந்தால் பழைய பாத்திரத்தை நடத்துவது எளிதாக இருக்கும். ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' கதைகளிலிருந்து இந்த ஆட்டம் எடுத்துக்கொண்ட வழக்கமும் இதனோடு ஒட்டி வருகிறது: மனப்பாடம் செய்த மந்திரம் ஒருமுறை ஏவியதும் மறந்துபோகும், மீண்டும் ஏவ மந்திர ஏட்டைத் திறந்து படித்தாக வேண்டும். டார்க் சன் உலகில் மந்திரவாதிகள் வெறுக்கப்படுவதால் அந்த ஏட்டையும் கயிற்று முடிச்சுகளாகவோ வேறு உருவிலோ மறைத்து வைப்பார்கள். செய்தவருக்கே செய்தது மறந்துபோகும் ஏற்பாடு வசதியானதுதான்.

ஆட்டத்தின் நான்காம் பதிப்புக்காக 2010-இல் வெளிவந்த டார்க் சன் நூலில் சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. அதில் பிரிசர்வர், டிஃபைலர் என்ற வகுப்புகளே இல்லை. வலிய மந்திரத்தை ஏவும் ஒவ்வொரு முறையும் உறிஞ்சுவதா வேண்டாமா என்று புதிதாக முடிவெடுக்கலாம், உறிஞ்சினால் அருகிலுள்ள தோழர்களும் காயப்படுவார்கள். இந்த விதிப்படி மந்திரவாதியை மீண்டும் எழுதினால் உறுத்தும் கட்டத்துக்கே இடமில்லாமல் போகும். முந்தைய விதி மனிதரை ஒரே சொல்லில் அடைத்தது, பிந்தைய விதி அவருடைய நேற்றைப் பற்றிக் கேட்பதே இல்லை. இரண்டில் எது நியாயமானது என்று சொல்லத் தெரியாமல், எந்த நூலின்படி எழுதுவது என்பதை ஆட்டக்காரர் இன்னும் முடிவு செய்யவில்லை.