வெள்ளமும் கேள்வி கணக்கும்

ஜுமுஆ தொழுகை முடிந்து வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் நம் கையைப் பிடித்து நிறுத்தினார். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஜாபர்கான்பேட்டையில் மகள் வீட்டில் இருந்தவர். அடையாற்றுத் தண்ணீர் இரவோடு இரவாக வீட்டுக்குள் ஏறியதும், பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு மாடிக்குப் போய் உயிர் தப்பியவர். மருமகனின் தையல் இயந்திரங்கள் அத்தனையும் சேற்றில் போயின.

"ஹஜ்ரத், வந்தது அல்லாஹ்வின் நாட்டம் என்று ஏற்றுக்கொண்டேன். ஏரியைத் திறந்தவர்களைக் கேட்க வேண்டாமா என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கேட்டால் ஸப்ருக்குக் குறைவு வந்துவிடுமா?" என்றார்.

பொறுமையே மேல் என்று சொல்லி நாம் விடை கொடுத்துவிட்டோம். அவரும் தலையசைத்துப் போய்விட்டார். ஆனால் அந்தப் பதில் நம் மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. பொறுமை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் கேட்டது அதுவல்லவே! கேட்டதற்கு விடை சொல்லாமல், கேட்காததற்கு உபதேசம் செய்து அனுப்பிவிட்டோம். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கும் பதிலே இக்கட்டுரை.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். நம் காஞ்சி மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதன் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலந்து, சென்னை நகரின் நடுவே ஓடிக் கடலில் சேருகிறது. 2015 நவம்பர் முழுவதும் மழை. டிசம்பர் முதல் நாள் மழை ஒரேயடியாகக் கொட்டியது. அன்று ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி என்ற அளவில் நீர் வெளியேற்றப்பட்டது. உரிய நேரத்தில் தங்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை என்பது ஆற்றங்கரை மக்களின் முறையீடு. வரலாறு காணாத மழை, விதிப்படியே திறந்தோம் என்பது அரசின் பதில். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலையில், இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏரியில் இன்னும் தேக்கிவைக்க இடம் இருக்கும்போதே அவ்வளவு நீரை வெளியேற்றியதைக் குறைகூறிய அந்த அறிக்கை, அதை மனிதரால் நேர்ந்த பேரழிவு என்றே சொல்லிற்று.

தணிக்கை அறிக்கை நீதிமன்றத் தீர்ப்பல்ல. அதைக் கொண்டு இன்னார் குற்றவாளி என்று நாம் முடிவுகட்ட மாட்டோம். ஆனால் கேள்வி எழுப்ப அது போதுமானது. அந்தக் கேள்வியை "எல்லாம் இறைவன் செயல்" என்ற ஒரே சொல்லால் மூடிவிடலாமா என்பதுதான் விஷயம்.

களா கத்ரை ஈமானின் அங்கமாக ஏற்றவர்கள் நாம். மழையை இறக்குபவன் வல்ல நாயனே. ஆனால் மதகின் சாவி மனிதன் கையில் இருந்தது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் செல்லும் வழியில் ஸர்ஃக் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஸஹாபாக்களிடம் ஆலோசனை கலந்து, படையுடன் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அவன் விதியிலிருந்து அவன் விதிக்கே செல்கிறோம் என்பதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்து, ஓர் உவமையும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒருபுறம் பசும்புல்லும் மறுபுறம் வறண்ட தரையும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் புறம் மேய்த்தாலும் அது விதிப்படிதானே நடக்கிறது! ஆயினும் மந்தையை வறண்ட புறத்தில் விட்டுவிட்டு "விதி" என்று சொல்லும் மேய்ப்பனை எந்த எஜமானனும் சும்மா விடமாட்டான். ஒவ்வொருவரும் மேய்ப்பரே, தம் பொறுப்பிலுள்ளவை பற்றி ஒவ்வொருவரும் கேட்கப்படுவர் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு. அதில் ஆட்சிப் பொறுப்பில் இருப்பவரையே முதலில் குறிப்பிட்டார்கள்.

இனி ஃபிக்ஹு நூல்களுக்கு வருவோம். மதரஸாவில் "அமானத்", "ளமான்" பாடங்களை ஓதியபோது, பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்துவைத்த பொருளுக்கான சட்டம் என்ற அளவிலேயே நமக்கு அவை விளங்கின. வெள்ளத்துக்குப் பிறகு அதே பக்கங்கள் வேறு விதமாகத் தெரிந்தன. அடைக்கலப் பொருளை வைத்திருப்பவரிடம் அது வெள்ளத்தில் போனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வரம்பு மீறினாலோ, அசட்டையாக இருந்தாலோ அவர் மீது ளமான் வந்துவிடும். நீர்ப்பாசனத்தைப் பற்றியே தனிச் சட்டம் இருக்கிறது. வழக்கமான அளவில் தம் நிலத்துக்கு ஒருவர் நீர் பாய்ச்ச, அது வழிந்து அண்டை நிலத்தை மூழ்கடித்தால் அவர் மீது பொறுப்பில்லை. வழக்கத்துக்கு மீறிப் பாய்ச்சினாலோ, தம் வரப்பில் ஓட்டை இருப்பதை அறிந்தும் அடைக்காமல் பாய்ச்சினாலோ ஈடு கொடுத்தே ஆகவேண்டும். ஒரு காணி நிலத்துக்கே இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்கள், ஒரு நகரம் மூழ்கும்போது "இயற்கை" என்று சொல்லிக் கைகழுவ விட்டிருப்பார்களா?

இதே வரம்பு அதிகாரிக்குப் பாதுகாப்பாகவும் நிற்கிறது. தூக்கமின்றி நின்று, தமக்குத் தெரிந்த மட்டும் சரியாகச் செய்து, அதையும் மீறி அழிவு நேர்ந்தால் அவரைத் தூற்றுவது அநியாயம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் கடமையிலிருந்து விலகும் அதிகாரிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை வைத்துள்ளது. நல்லெண்ணத்துடன் செயல்பட்டவருக்குப் பாதுகாப்பும் தந்துள்ளது. ஆனால் இவர் எந்த வகை, அவர் எந்த வகை என்று தெரிவது விசாரித்தால்தானே? விசாரணையே வேண்டாம் என்பவர், நேர்மையாக உழைத்த அதிகாரிக்கும் சேர்த்தே அநீதி இழைக்கிறார்.

அதிகாரியைக் குறை சொல்வது புறமாகாதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். புறம் பேசுதல் ஆகுமான ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதும்போது முதலில் வைத்ததே, அநீதிக்குள்ளானவன் நியாயம் வழங்கும் அதிகாரமுடையவரிடம் முறையிடுவதைத்தான். டீக்கடையில் வாய்க்கு வந்தபடி ஏசுவது வேறு. மனு எழுதிக் கையொப்பமிட்டுக் கேட்பது வேறு. நம்மவர்களுக்கு முதலாவது நன்றாக வருகிறது. இரண்டாவதற்குத்தான் கை நடுங்குகிறது!

இதை எழுதும் ஐயங்கார்குளம் ஒரு குளத்தின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்டது. ஐப்பசி பிறந்துவிட்டால் கரை தாங்குமா, கலங்கல் போகுமா என்பதே இப்பக்கத்து மக்களின் பேச்சு. இதே மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள கோயில் சுவரில் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடவோலை முறையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் நம்மை நிறுத்தியது அதிலுள்ள வேறொரு விதி. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. எந்த வாரியத்தில் இருந்தவரானாலும், கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது! நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடையோருக்கே அந்தச் சபையில் இடம் இருந்தது, ஏழைக்கு அங்கே குரல் இல்லை என்பதும் உண்மையே. ஆயினும் ஏரியும் கணக்கும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் கல்லில் எழுதிவைத்தார்கள்.

ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது, உமர் (ரலி) அவர்கள் மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று இருந்தார்கள். மழைக்காக துஆவும் கேட்டார்கள். ஷாமுக்குக் கடிதம் எழுதி உணவும் வரவழைத்தார்கள். துஆ கேட்டாயிற்று, இனி நம் பொறுப்பு முடிந்தது என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை.

ஆகவே பெரியவருக்கு நம் பதில் இதுதான். உங்கள் ஸப்ரு அல்லாஹ்வின் முன்னிலையில். உங்கள் கேள்வி அதிகாரியின் முன்னிலையில். ஒன்று மற்றொன்றைக் குறைக்காது. கேளுங்கள்.

இதை எழுதிய பின், நம்மைப் பற்றிய ஒரு செய்தியையும் மறைக்க மனம் வரவில்லை. அந்த வெள்ளத்தின்போது நாம் ஓதிக்கொண்டிருந்த மாணவன். மஹல்லாவில் திரட்டிய போர்வைகளை வழங்கும் பொறுப்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் நம்மிடம் கொடுத்தார்கள். நாற்பது போர்வைகள். ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோது முப்பத்து நான்கு பெயர்களே எழுதியிருந்தன. இருட்டில், மழையில், நீட்டிய கைகளில் கொடுத்துவிட்டு எழுத மறந்தோமா, வண்டியிலிருந்து விழுந்ததா, இன்றுவரை தெரியாது. நிய்யத்தை அல்லாஹ் அறிவான், விட்டுவிடு தம்பி என்றார் முத்தவல்லி. நாமும் விட்டுவிட்டோம். அந்த முறை கணக்கு படிக்கப்படவே இல்லை.

சென்ற வாரம் அந்த நோட்டைத் தேடி எடுத்தோம். கடைசிப் பெயருக்குக் கீழே, "போர்வை ஆறு, யாருக்கென்று தெரியவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். வரும் ஜுமுஆவில் அதைப் படித்துக் காட்ட ஜமாஅத்தாரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம்.