இறுதி நாளில் ஆசிரியர் வேண்டும் பொறுத்தருளல்



கற்பித்தவரும் கற்றவரும் மனம் வேறுபட்டுப் பிரிவது உலகில் புதிதன்று. ஏதோ ஒரு கடுஞ்சொல், ஏதோ ஒரு புறக்கணிப்பு. அதன்பின் ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. ஆலயத் திருவிழாவில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். ஒருநாள், ஆசிரியர் நோயில் வீழ்ந்தார், இனி எழமாட்டார் என்னும் செய்தி வருகிறது. அப்பொழுது முதலில் வாய் திறக்கவேண்டியவர் யார்? இளையவன்தான் வந்து பணியவேண்டும் என்பது உலக வழக்கு. நம் ஆகமம் கூறும் விடை வேறு.

ஆசாரியர் கைகூப்புகிறார்

சிவாரியர் பிராகிருத மொழியில் அருளிய பகவதி ஆராதனை, நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம், தவம் என்னும் நால்வகை ஆராதனைகளையும், மரணத்தை அறத்தோடு எதிர்கொள்ளும் முறையையும் விரித்துரைக்கும் பெருநூல். சல்லேகனை ஏற்க விரும்பும் ஆசாரியர் முதலில் செய்யவேண்டுவது யாது? தகுதி வாய்ந்த ஒருவரிடம் தம் பொறுப்பை ஒப்படைக்கவேண்டும். பின்னர்ச் சங்கத்தார் அனைவரையும் அழைத்து, அன்பினாலோ சினத்தினாலோ தாம் கூறிய கடுஞ்சொற்களுக்காக அவர்களிடம் பொறுத்தருள வேண்டவேண்டும். மாணவர்களும் கண்ணீர் மல்க வணங்கித் தம் பிழைகளைப் பொறுக்குமாறு வேண்டுவர்.

தீக்கை அளித்தவர், பிராயச்சித்தம் விதித்தவர், கண்டிக்கும் உரிமை பெற்றவர் அந்த ஆசாரியர். அவர் கண்டித்தது பெரும்பாலும் மாணவன் நலம் கருதியே இருக்கும். எனினும் நலம் கருதிய சொல்லிலும் சினம் ஒரு துளி கலந்திருக்கக்கூடும். அந்தத் துளியைத் தம் கணக்கிலிருந்து நீக்கும் கடமை அவருடையதே.

இன்னொன்றையும் அந்நூல் கூறுகிறது. ஆசாரியர் தம் கணத்தை விட்டு வேறொரு கணத்திற்குச் சென்று சல்லேகனை ஏற்பது நன்று. தம் மாணவரிடையே இருப்பின், ஒருவன் சொற்கேளாதபோது சினம் எழும், கடுமொழி பிறக்கும், பூசல் விளையும், மறுபுறம் பற்றும் பெருகும். மாணவனிடம் கொண்ட வெறுப்பும் விருப்பும் ஆகிய இரண்டுமே ஆசிரியரின் இறுதித் தியானத்தைக் குலைக்க வல்லவை என்பதை முன்னோர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர்!

சினத்தின் கால அளவு

பொறுத்தல் ஏன் இத்துணை இன்றியமையாதது? சினம் நால்வகைப்படும். சஞ்ஜ்வலனம் நீரில் இட்ட கோடு. பிரத்தியாக்கியானம் மணலில் இட்ட கோடு. அப்பிரத்தியாக்கியானம் நிலத்தின் பிளவு. அனந்தானுபந்தி கல்லின் பிளவு. இவற்றின் வாசனை தங்கும் காலத்தைக் கோம்மடசாரம் வரையறுக்கிறது. முதலது ஓர் அந்தர்முகூர்த்தம். இரண்டாவது ஒரு பட்சம். மூன்றாவது 6 மாதம். நான்காவதோ பிறவிகள் பலவற்றைத் தொடர்வது. நற்காட்சியையே மறைக்க வல்லது இந்நான்காவது.

'பத்தாண்டுகளாக அவனிடம் நான் பேசுவதில்லை' என்று பெருமையோடு கூறுவோர், அச்சொல்லால் தம் நற்காட்சிக்கே ஊறு கூறுகின்றனர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நாசிராபாத் தந்த சான்று

இவையெல்லாம் ஏட்டில் மட்டும் உள்ளவை அல்ல. ஜயோதயம் என்னும் வடமொழிக் காவியத்தை இயற்றியவர் ஆசாரியர் ஞானசாகரர். 1968-இல் அஜ்மீரில் வித்யாசாகரருக்கு முனிதீக்கை அளித்தவரும் அவரே. 1972 நவம்பர் 22 அன்று இராஜஸ்தானத்து நாசிராபாத்தில், முதுமையுற்ற அவர், 26 வயதே நிரம்பிய அம்மாணவருக்கு ஆசாரியப் பதவியை அளித்தார். பின்னர்த் தாம் தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்து, தம் சல்லேகனையை நடத்தித் தருமாறு தம் மாணவரையே வேண்டினார். 1973 ஜூன் 1 அன்று அம்மாணவரின் பணிவிடையில் சமாதி எய்தினார். வித்யாசாகரரும் 2024 பிப்ரவரியில் சத்தீஸ்கரத்து டோங்கர்கட்டில் சல்லேகனை ஏற்றுச் சமாதி எய்தினார்.

அங்கே பகையில்லை, பொறுக்கவேண்டிய பூசலும் இல்லை. ஆயினும் ஆசனத்தை விட்டு இறங்குதல் எத்தகையது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது. பூசலில்லாத மாணவர் முன்னிலையிலேயே ஆசிரியர் தாழ்ந்து அமர்ந்தார் என்றால், பூசலுற்றவர் முன்னிலையில் தாழ்வதற்கு நாம் ஏன் நாணவேண்டும்?

இல்லறத்தார்க்கும் இதுவே

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கி வந்திருப்பீர்கள். 57 நாள் உண்ணாநோன்பு நோற்று அங்கு உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் கல்வெட்டு கூறுகிறது. அவ்வளவு பெரிய நோன்பு எல்லார்க்கும் இயலாது. தக்க ஆசாரியரின் வழிகாட்டுதலின்றி ஏற்கத்தக்கதும் அன்று. ஆனால் அதன் முதற்படி எவர்க்கும் இயலும். சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் அதனைத் தெளிவாக வகுத்துள்ளார்: அன்பு, பகை, தொடர்பு, உடைமை ஆகியவற்றைத் துறந்து, தூய உள்ளத்தோடு சுற்றத்தாரையும் பணிபுரிந்தோரையும் இன்சொல்லால் பொறுத்து, தாமும் பொறுத்தருள வேண்டல். உணவைக் குறைப்பது அதற்குப் பின்னரே. அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் சல்லேகனையை இல்லறத்தார் அறத்தோடு சேர்த்தே ஓதுகிறது.

'பிரிந்தவனை அழைப்பது பற்று ஆகாதோ?' எனச் சிலர் ஐயுறுவர். நண்பரை நினைந்து ஏங்குதல் சல்லேகனையின் அதிசாரங்களுள் ஒன்று என்பது உண்மையே. ஆனால் பொறுத்தருள வேண்டல் மீண்டும் பிணைத்துக்கொள்வதற்கன்று, பிணிப்பை அவிழ்ப்பதற்கே. பழைய வழக்கை மீண்டும் விசாரிப்பதும், யார் செய்தது சரி என நிறுவுவதும் அங்கு வேண்டா. 'நான் பொறுத்தேன், நீயும் பொறு' என்பதே போதும். அவன் வாராவிடினும், வந்து வாய் திறவாவிடினும், வேண்டியவரின் உள்ளம் தூய்மை அடைந்துவிட்டது. பிறனுடைய பரிணாமத்திற்கு நாம் கருத்தா அல்லோம்.

வீட்டிலுள்ளோர்க்கும் ஒரு சொல். தந்தையின் பூசலை மக்கள் சொத்தைப்போல் காத்து, 'அவரை உள்ளே விடாதீர்கள்' என வாயிலில் தடுப்பதுண்டு. நோயாளியின் நலம் கருதியே அவ்வாறு செய்வதாகவும் கூறுவர். தந்தையின் இறுதி நற்சிந்தனைக்குத் தாமே தடையாகின்றனர் என்பதை அவர்கள் அறியார். பிரிந்தவர்க்குச் செய்தி அனுப்புங்கள். நினைவு தப்புமுன் அனுப்புங்கள். மருந்தளிப்பதைப் போன்றே அதுவும் பணிவிடை.

மாணவராயிருந்தோரே, நீங்களும் அழைப்பை எதிர்நோக்கி நிற்கவேண்டா. அறிவைத் தந்தவர் படுக்கையில் கிடக்கும்போது, அவர் முன்பு சொன்ன ஒரு சொல்லை எடைபோட்டுக்கொண்டிருப்பது கற்றவர்க்கு அழகன்று.

தசலக்ஷண தருமத்தில் முதலாவது உத்தம க்ஷமை. அதனைப் படுக்கையில் வீழும் நாள்வரை ஒத்திவையாது, நாவும் நினைவும் நம் வசம் இருக்கும் இன்றே கைக்கொள்வோமாக!

வாழ்க ஜினதருமம்! வளர்க நல்லறம்!